தறியக்காவின் தொண்டையும் இரண்டு பூனைகளும்

குஷன்காரர் பேசமாட்டார் என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். பேசுவதற்கு அவர் வாய் காலியாக இருப்பதில்லை, அவ்வளவுதான். காலையில் கடையைத் திறந்ததும் ஒரு பிடி சின்ன ஆணிகளை அள்ளி வாயில் போட்டுக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, காந்தம் வைத்த சுத்தியலின் நுனியில் ஒட்டவைத்து, நாற்காலிச் சட்டத்தில் ஒரே போடு. அதற்குள் அடுத்த ஆணி உதட்டில் தயாராக நிற்கும். பின் அடிக்கிற ஸ்டேப்ளர் மெஷின் ஒன்றும் கடையில் இருக்கிறது. புது சோபாக்களுக்கு அதுதான். பழைய மர நாற்காலி வந்துவிட்டால் மட்டும் ஆணிதான் அடிப்பேன் என்று அடம்பிடிப்பார். எப்போது கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு விரல்களைக் காட்டுவார். சீக்கிரம் வேண்டும் என்று யாராவது மல்லுக்கு நின்றால் பல்லைக் காட்டுவார். வாய் நிறைய ஆணி வைத்திருக்கிறவரிடம் தகராறு பண்ண யாருக்கும் தைரியம் வருவதில்லை.

அவர் மனைவிக்கு அந்தக் குறையே கிடையாது. அவளுக்கு நெசவாலையில் மேற்பார்வை வேலை. சுவரிலிருந்து சுவர்வரை தறிகள் வரிசையாக நின்று தடதடவென்று ஓடுகிற கூடம் அது. கொஞ்சம் தள்ளி நிற்பவளிடம் நூல் அறுந்துவிட்டது என்று சொல்ல வேண்டுமானாலும் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். சின்ன வயதிலேயே அங்கே வேலைக்குப் போனவள், தொண்டை அந்த அளவிலேயே நின்றுவிட்டது. காதில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் ஆலை வாசலைத் தாண்டியதும் குரலைக் குறைக்க வேண்டும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. தறியக்கா என்று தெருவே அவளைக் கூப்பிடும். அவள் ரகசியம் என்று ஒன்றை ஆரம்பித்தால் எதிர்வீட்டு டீச்சர் தன் வீட்டு டிவியின் சத்தத்தைக் குறைத்துக்கொள்வாள், நன்றாகக் கேட்கட்டும் என்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், தறியக்காவின் குரல் பெரிது என்பது தறியக்கா ஒருத்திக்கு மட்டும்தான் தெரியாது. குஷன்காரர் சொல்லியிருக்கலாம். கல்யாணமான புதிதில் சொல்லப் பயம். அப்புறம் பழகிவிட்டது. பழகிய பிறகு இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று ஆகிவிட்டது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கு அழ வேண்டியதையெல்லாம் அழுது முடித்து வெகுகாலம் ஆயிற்று. இப்போது இருவரும் நன்றாகவே இருந்தார்கள். தறியக்காவுக்கு மட்டும் சின்ன வயதிலிருந்து ஓர் ஆசை பாக்கி இருந்தது: வீட்டில் பூனை வளர்க்க வேண்டும். குடியிருந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒருவர் மாற்றி ஒருவர் கூடாது என்றே சொல்லிவந்தார்கள். கடைசியில் சொந்தமாக ஒரு வீடு அமைந்தது. முன்னால் இரும்புக் கேட், நாலு எட்டு வைத்தால் வாசற்படி, உள்ளே ஒரு ஹால், ஹாலை அடுத்துச் சமையலறை, அதற்குப் பின்னால் துணி காயப்போட ஒரு முற்றம். சாமான்களைப் பிரித்து அடுக்குவதற்கு முன்பே அவள் புருஷனை இழுத்துக்கொண்டு மிருக ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றாள். ஆதரவில்லாத பூனைகளை அங்கே வைத்துப் பார்த்து, வேண்டுகிறவர்களுக்குக் கொடுப்பார்கள்.

கூண்டில் இரண்டு பூனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. இரண்டும் அக்கா தங்கை. ஒன்று முழுக்கச் சாம்பல் நிறம். மற்றது வெள்ளை, ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு. கிழிசலுக்கு வேறு துணியில் ஒட்டுப் போட்ட மாதிரி இருந்ததால் குஷன்காரர் அங்கேயே அதற்கு ஒட்டு என்று பெயர் வைத்துவிட்டார். மற்றதற்குச் சாம்பல் என்பதே பெயர் ஆயிற்று.

"ரெண்டும் ரொம்பப் பயந்த சுபாவம்மா" என்றாள் அங்கே இருந்த நர்ஸ் பெண். "ஏற்கெனவே ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்ததுங்க. இந்தத் தடவையும் திரும்பி வந்தா தனித்தனியாத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். ஜோடியா எடுத்துக்க யாரும் வரமாட்டேங்கிறாங்க."

"திரும்பி வருமா! என்கிட்டேர்ந்தா! நல்லாச் சொன்னே போ!" என்றாள் தறியக்கா.

கூண்டுக்குள் இரண்டும் பின்பக்கக் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டன. நர்ஸ் பெண் அதைப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்து, மரியாதை கருதி மென்று விழுங்கிவிட்டாள். வேறு விஷயங்களை மட்டும் சொல்லி அனுப்பினாள்: தேடிப் போகாதீர்கள், பிடித்துத் தூக்காதீர்கள், கண்ணுக்குள் உற்றுப் பார்க்காதீர்கள், அதுகளாக வரும்வரை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்ததும் இரண்டும் மாயமாகிவிட்டன. தறியக்கா கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள், "எங்கடா போனீங்க என் கண்ணுங்களா!" என்று ஊரைக் கூட்டினாள். கண்டுபிடித்தது குஷன்காரர்தான், அதுவும் தொழில் புத்தியால். ஹாலில் கிடந்த சோபாவின் அடித்துணி வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தொங்கியது. ஊர் சோபாவெல்லாம் தைத்துக் கொடுக்கிறவர் தன் வீட்டு சோபாவில் அடித்துணி மூலை கிழிந்திருந்ததைப் பல மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்தக் கிழிசல் வழியாக இரண்டும் உள்ளே புகுந்து, ஸ்பிரிங்குகளுக்குக் கீழே துணித் தொட்டிலில் கிடந்தன.

இங்கேதான் அவர் தப்புப் பண்ணினார். வேறு தொழில் செய்கிறவர் யாரும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டார்கள். ஒரு சோபாவில் கிழிசல் இருக்கிறது என்று தெரிந்தால் அவருக்குக் கை பரபரக்கும். இதுவரை கண்டும் காணாமல் இருந்துவிட்டார். இப்போது பூனைகளின் எடை தாங்காமல் கிழிசல் பெரிதாகிக்கொண்டே போக, அவர் மனசு கேட்கவில்லை. இரண்டும் சமையலறைக்குப் பதுங்கிப் பதுங்கிச் சாப்பிடப் போன சமயம் பார்த்து, சோபாவைக் கவிழ்த்துப் போட்டு, புதுத் துணி வைத்து நாலு பக்கமும் அழகாக அடித்து மூடிவிட்டார். மூடிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். அருமையான வேலை. அவருக்கே பெருமையாக இருந்தது.

பூனைகள் திரும்பி வந்து பார்த்தால் வீட்டைக் காணோம். சாம்பல் அந்த மூலையைப் பிராண்டியது, முகர்ந்தது, மறுபடி பிராண்டியது. அப்புறம் இரண்டும் தெறித்து ஓடி ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு கை நுழையாத சந்தில், எப்படித்தான் புகுந்தனவோ புகுந்துகொண்டன. அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. குஷன்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நர்ஸ் பெண்ணுக்குப் போன் போட்டார்.

"சார், அதுங்களுக்கு உங்க வீட்டுல இருந்த ஒரே இடத்தைப் பூட்டிட்டீங்களே" என்றாள் அவள். "உடனே பழையபடி கிழிச்சு விடுங்க."

கிழிப்பதா? அதற்கு அவர் கை வரவில்லை. அன்று கடைக்கு லீவு விட்டுவிட்டு, சோபாவை ஒரு பக்கமாக முட்டுக்கொடுத்துத் தூக்கி நிறுத்தி, அடியில் மல்லாந்து படுத்தார். துணியில் பூனை நுழைகிற அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, பட்டை வைத்து, தொட்டில் இறங்காமல் இருக்கக் கீழே குறுக்கும் நெடுக்கும் நாடா இழுத்துக் கட்டினார். வாழ்நாள் முழுக்க ஓட்டையை அடைத்தே சாப்பிட்ட மனுஷர், ஒரு ஓட்டையை இவ்வளவு சிரத்தையாகச் செய்தது அதுதான் முதல் தடவை. வாயில் ஆணிகள். அதனால் பேச்சு இல்லை. பார்வை முழுக்க மேலே நாடாவில் இருந்தது. அப்போது அவருடைய கால் கட்டைவிரலில் ஈரமாக ஏதோ பட்டது.

ஒட்டு. விரலை முகர்ந்தது, பாதத்தை முகர்ந்தது, முழங்கால்வரை வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் மூச்சு விடவும் பயந்து கிடந்தார். செல்லமாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால் வாய் நிறைய ஆணி. அந்த நேரத்தில் அதைவிட நல்ல காரியத்தை அவர் வேண்டுமென்றே செய்திருக்க முடியாது என்பது பிற்பாடுதான் அவருக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து அவருக்கும் பூனைகளுக்கும் ஒத்துப்போய்விட்டது. சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் ஹாலில் வெறுந்தரையில் படுத்துக்கொள்வார். ஒட்டு வந்து வயிற்றின் மேல் ஏறும். சாம்பல் யாரிடமும் வராது; ஆனால் சோபா வாசலில் தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும். அந்த மட்டும் சரிதான் என்று இருக்கும்போது கேட் திறக்கும்.

"ஏங்க! கதவத் தொறங்க!"

அவ்வளவுதான். வயிற்றில் இருந்ததும் காணோம், வாசலில் இருந்த தலையும் காணோம்.

பூனைக்கு ஆசைப்பட்டவள் தறியக்கா. அவளுக்குக் கிடைத்ததோ சோபாவுக்கு அடியில் மறைகிற வாலின் நுனி மட்டும். அவளும் சும்மா இருக்கவில்லை. மீனை முள் எடுத்து உதிர்த்து வைத்தாள். நூல்கண்டில் பந்து செய்து உருட்டினாள். சோபாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, "பயப்படாதீங்கடா செல்லங்களா! அம்மா ஒண்ணும் பண்ண மாட்டேன்டா!" என்று கொஞ்சினாள். அந்தக் கொஞ்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உள்ளே இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்று புகுந்துகொண்டன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குஷன்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒருநாள் வேலையிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சோபாவில் உட்கார்ந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஞாயித்துக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துடலாங்க."

"எதை?"

"இதுங்களைத்தான். உங்ககிட்ட வருது. என்னைக் கண்டா எமனைக் கண்ட மாதிரி ஓடுது. அதுங்களுக்கு என்னைப் புடிக்கலை. புடிக்காத இடத்துல எதுக்கு வச்சு வதைக்கணும்?"

"கொடுத்தா ரெண்டையும் பிரிச்சிடுவாங்க."

"தெரியும்" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அவள் லேசில் அழுகிறவள் இல்லை.

குஷன்காரர் எழுந்தார், உட்கார்ந்தார், சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். சொல்லாவிட்டால் பூனைகள் போய்விடும். சொன்னால் இவள் மனசு உடைந்துவிடும். இத்தனை வருடம் சொல்லாமல் இருந்ததற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனது ஆகட்டும் என்று வாயைத் திறந்தார்.

"அதுங்க உன்னைப் பாத்துப் பயப்படலை. உன் சத்தத்தைக் கேட்டுத்தான் பயப்படுது."

"என்ன சத்தம்?" என்றாள் அவள். எதிர்வீட்டில் திரைச்சீலை விலகியது.

"இந்தச் சத்தம்தான்" என்றார் அவர்.

தறியக்கா, தெரியாத மொழியைப் பேசிப் பார்ப்பவள் போல, வெகு மெதுவாகக் கேட்டாள்.

"எத்தனை நாளா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து. அதுக்கு முன்னாடி எப்படின்னு எனக்குத் தெரியாது."

"ஏன் சொல்லலை?"

"எனக்கு ஒண்ணும் தொந்தரவா இல்லியே."

அது சத்தியமான பேச்சு. ஆனால் அந்த நிமிஷம் அவள் காதில் அது ஏறவில்லை. அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் நாத்தனாரைப் பார்க்கப் போனபோது பக்கத்துக் கட்டில்காரி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டது. சினிமாவில் முன்வரிசை ஜோடி எழுந்து வேறு இடத்துக்குப் போனது. போனில் பேசும்போதெல்லாம் தங்கை, "அக்கா, போன் இல்லாமலே கேக்குது" என்று சிரித்தது. அதையெல்லாம் வேடிக்கை என்று அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். இப்போது எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையிலிருந்து அந்த வீட்டில் சத்தம் இல்லை. தறியக்கா பேசுவதையே விட்டுவிட்டாள். தறிக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு: தூரத்தில் நிற்பவளிடம் கத்தியும் பயனில்லை என்றால் உதட்டை மட்டும் அசைப்பார்கள், பார்க்கிறவளுக்குப் புரிந்துவிடும். அதை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். புருஷனுக்கோ ஒரு எழுத்தும் புரியவில்லை. அவள் துவைக்க வேண்டிய சட்டை எங்கே என்று கேட்டால் அவர் கடைச் சாவியைக் கொண்டுவந்து நீட்டினார். வேறு சமயமாக இருந்தால் அதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. பூனைகளைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சை அவள் எடுக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் பூனைகள் வெளியே வர ஆரம்பித்துவிட்டன. முதலில் அவள் இருக்கும்போதே தட்டுக்கு வந்தன. அப்புறம் ஒட்டு அவள் புடவை ஓரத்தை முகர்ந்தது. ஒரு மாலை அவள் சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது மடியில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, சுருண்டு படுத்துக்கொண்டது.

குஷன்காரருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா என்கிற தோரணையில் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது சந்தோஷக் கண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தார்.

"இது என்கிட்ட வரலைங்க" என்று காற்றோடு காற்றாகச் சொன்னாள். "வாயைத் தைச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற யாரோ ஒருத்திகிட்ட வந்திருக்கு. நான் நானா ஒரு வார்த்தை பேசினா ஓடிடும். இது மடியில இருந்தா என்ன, இல்லாட்டா என்ன?"

அவள் சொன்னது ஆணி அடித்த மாதிரி உள்ளே இறங்கிவிட்டது. ஏனென்றால் அவருக்கும் அதே கதைதான். கடையிலிருந்து வரும்போது தெருமுனையிலேயே அவள் குரல் கேட்கும். யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாள், இல்லாவிட்டால் எதற்காவது சிரித்துக்கொண்டிருப்பாள். அதைக் கேட்டதும் அவர் நடை தானாகக் கொஞ்சம் வேகமாகும். இந்த நாட்களில் அவர் தெருமுனை திரும்பியும் ஒன்றும் கேட்காமல், யாரும் இல்லாத வீட்டுக்குப் போவது போலப் போய்க்கொண்டிருந்தார். அவள் குரல் இல்லாமல் அவருக்கு வீடு பிடிக்கவில்லை. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். அன்றைக்கும் அவர் சொல்லவில்லை.

ஆனால் யோசித்தார். முற்றத்தில் உட்கார்ந்து சமையலறை முக்காலிக்கு மெத்தை அடித்துக்கொண்டே யோசித்தார். அந்த முக்காலிகளை அவர் கொஞ்ச நாளாகவே காலை நேரத்தில், பூனைகளுக்குச் சாப்பாடு வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தார். முதலில் முற்றத்துக் கோடியில் உட்கார்ந்து அடித்தார். வெயில் வந்ததும் நிழலுக்கு நகர்ந்தார். மழை தூறியதும் சமையலறை நிலைப்படிக்கே வந்துவிட்டார். இப்போது அவர் 'டொக் டொக்' என்று அடிக்க, கையெட்டும் தூரத்தில் சாம்பல் தலைகூட நிமிர்த்தாமல் தின்றுகொண்டிருந்தது.

அவர் சுத்தியலைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். இந்தச் சுத்தியலைவிட அவள் குரல் ஒன்றும் பெரிது இல்லை. மறுபடி நர்ஸ் பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"அதேதான் சார்" என்றாள் அவள். "சத்தம் பெரிசா இருக்கிறது பிரச்சினை இல்லை. பக்கத்துல வந்து திடீர்னு விழுறதுதான் பிரச்சினை. அம்மாவைத் தூரத்துலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க. முதல்ல குரல், அதுக்கப்புறம் சாப்பாடு. இந்த வரிசை மாறவே கூடாது. அந்தக் குரல் வந்தா நல்லது வருதுன்னு அதுங்க மனசுல பதியணும்."

சாயங்காலம் அவர் தறியக்காவைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார். "இங்கேருந்து கூப்பிடு. நான் உள்ள தட்டோட நிக்கிறேன். நீ கூப்பிட்டதும் வைப்பேன்."

"என்னன்னு கூப்பிட?" என்று கிசுகிசுத்தாள்.

"சாப்பாடு ரெடின்னு கூப்பிடேன்."

அவள் வாயைத் திறந்தாள். ஒரு கீச்சுக் குரல் வந்தது. தன் குரல் பெரிது என்று தெரிந்ததிலிருந்து அதை எடுக்க அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"இது யார் குரல்?" என்றார் குஷன்காரர். "இந்தக் குரலுக்குப் பழக்கி எனக்கு என்ன பிரயோஜனம்? தறிக்கூடத்துல கடைசி வரிசையில இருக்கிறவளைக் கூப்பிடு பாப்போம்."

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"சாப்பாடு ரெடீ...!"

மின்கம்பியில் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. தெருவில் சைக்கிளில் போனவர் ஒற்றைக் காலை ஊன்றி நின்றுவிட்டார். உள்ளே பூனைகள் காதை விறைத்தன, ஆனால் ஓடவில்லை. குரல் எங்கோ இருந்தது, மீன் பக்கத்தில் இருந்தது.

இது தினப்படி ஆயிற்று. அவள் கேட்டிலிருந்து கூப்பிடுவாள், அவர் தட்டை வைப்பார். பூனைகளுக்கு அது பழகியதும் கேட்டுக்கு உள்ளே வந்தாள். அதுவும் பழகியதும் வாசற்படி. "அக்கா, இப்பல்லாம் நான் கடிகாரமே பாக்கிறதில்லை, உங்க பூனைக்குச் சாப்பாடுன்னா நானும் அடுப்பைப் பத்த வச்சுடுறேன்" என்றாள் எதிர்வீட்டு டீச்சர். தறியக்கா அதற்குச் சிரித்தாள், பழைய சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பூனைகள் ஓடவில்லை என்பதை அவர் மட்டும் கவனித்தார்.

நடுவில் ஒரு சறுக்கலும் உண்டு. அவளுக்குப் பொறுமை எப்போதும் கொஞ்சம் கம்மி. வாசற்படி போதும் என்று நினைத்து, ஒருநாள் நேராக ஹாலுக்கு நடுவே வந்து நின்று கூப்பிட்டுவிட்டாள். இரண்டும் சோபாவுக்குள் போனவை மறுநாள்வரை எட்டிப் பார்க்கவில்லை. அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு மறுபடி கேட்டுக்கே போய்விட்டாள். அன்றைக்குப் பார்த்து நல்ல மழை. குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று, "சாப்பாடு ரெடீ!" என்று மழையோடு போட்டி போட்டுக் கத்தினாள். இந்தப் பிடிவாதத்துக்காகத்தான் தான் அவளைக் கட்டிக்கொண்டது என்று குஷன்காரர் தட்டைப் பிடித்துக்கொண்டு நினைத்தார். கட்டிக்கொண்டபோது அவருக்கு அது தெரியாது என்பது வேறு விஷயம்.

அப்புறம் அவள் அவசரப்படவில்லை. கேட், வாசற்படி, நிலைக்கதவு, ஹாலின் ஓரம் என்று குரல் உள்ளே வந்துகொண்டிருந்தது. வருடம் திரும்புவதற்குள் சமையலறையிலேயே நின்று தொண்டை திறந்து கூப்பிடுகிறவள் ஆகிவிட்டாள். ஒட்டு காலைச் சுற்றும். சாம்பலும் ஓடிவந்து தின்னும்; தின்று முடித்ததும் திரும்பிப் பார்க்காமல் சோபாவுக்குள் போய்விடும். ஆறு மாதத்துக்கு மேல் ஆகியும் அது ஒரு மனுஷ மடியில் ஏறியதில்லை, அவர் மடி உட்பட. போகட்டும், அதன் சுபாவம் அப்படி என்று இருவரும் விட்டுவிட்டார்கள். ஆனால் தட்டை எடுத்துக் கழுவும்போதெல்லாம் தறியக்கா சோபா வாசலை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள்.

ஒரு விடுமுறை நாள் பிற்பகல். சாப்பிட்டு முடித்துவிட்டு அவர் தரையில் கிடந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தின நாள் ஆலையில் நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த மேனேஜர் தறிகளை இடம் மாற்றச் சொல்கிறாராம், இவள் முடியாது என்று நின்றாளாம். சொல்லச் சொல்ல அவளுக்குச் சூடு ஏறியது. தான் வீட்டில் இருப்பதே மறந்துவிட்டது. கையை வீசி, மேனேஜர் குரலில் ஒருமுறை, தன் குரலில் ஒருமுறை என்று முழு மூச்சில் முழங்கிக்கொண்டிருந்தாள்.

சோபாவிலிருந்து சாம்பல் வெளியே வந்தது. அப்போது சாப்பாட்டு நேரமும் இல்லை, யார் கையிலும் தட்டும் இல்லை. உடம்பை நீட்டி ஒரு சோம்பல் முறித்தது. நேராக நாற்காலியை நோக்கி நடந்தது. அவள் கை வீச்சுக்கு ஒரு தரம் குனிந்துகொடுத்து, எம்பி, அவள் மடியில் ஏறியது.

தறியக்காவின் பேச்சு பாதியில் நின்றுபோயிற்று. தூக்கிய கை தூக்கியபடி நின்றது. வாயை இறுக மூடிக்கொண்டாள்.

திடீரென்று விழுந்த அந்த அமைதியில் சாம்பல் தலையைத் தூக்கியது. காதுகளைத் திருப்பியது. என்ன ஆயிற்று என்பதுபோல அவள் முகத்தை அண்ணாந்து பார்த்து, எழுந்திருக்கலாமா என்று முன்னங்காலை ஊன்றியது.

"நிறுத்தாத" என்றார் குஷன்காரர் தரையிலிருந்து. "பேசு."

அவள் அவரைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. என்ன பேச என்று கேட்கிறாள் என்பது இந்தத் தடவை அவருக்குப் புரிந்தது.

"எதையாச்சும் பேசு. அது உன் பேச்சைக் கேக்கத்தான் வந்திருக்கு. நானும் அதுக்குத்தான் தினம் வீட்டுக்கு வரேன்." கல்யாணமான நாளிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததை அவர் இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு, "அப்புறம் அந்த மேனேஜர் என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

தறியக்கா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னானா! கேளுங்க அதை!" என்று ஆரம்பித்தாள். முதல் வார்த்தை மட்டும் கொஞ்சம் கரகரத்தது. இரண்டாவதில் குரல் தன் அளவுக்கு வந்துவிட்டது. சாம்பல் ஊன்றிய காலை மடித்துக்கொண்டு, அவள் முழங்காலில் முகத்தை வைத்துப் படுத்தது. அவள் கண்ணீரைத் துடைக்காமல், சத்தத்தையும் குறைக்காமல், மேனேஜரை இன்னும் வெகுநேரம் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள்.